அத்தியாயம் 6: எண்ணும் பெயர், அளக்கும் பெயர்

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் சாக்பீஸ் தெரியும். அந்தச் சொல்லை ஒரு நிமிடம் பிரித்துப் பாருங்கள். 'சாக்' என்பது சுண்ணக்கட்டி, 'பீஸ்' என்பது துண்டு. எழுதும் பொருளின் பெயர் 'சாக்' மட்டும்தான். அப்படியானால் 'பீஸ்' எதற்காக வந்து ஒட்டிக்கொண்டது?

ஆங்கிலம் சாக்கை மண், மாவு, உப்பு போல ஒரு மொத்தப் பொருளாகப் பார்க்கிறது. அதில் ஒன்று வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் சாக்', அதாவது ஒரு துண்டு சாக், என்று கேட்க வேண்டும். அந்தத் தொடர்தான் நம் வகுப்பறைக்குள் வந்து சுருங்கிச் 'சாக்பீஸ்' ஆனது. இந்த அத்தியாயத்தின் பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் சில பெயர்ச்சொற்களை நேராக எண்ணலாம். சிலவற்றை எண்ண முடியாது, அளக்கத்தான் முடியும். முதல் வகை 'கவுண்டபிள் நவுன்', இரண்டாம் வகை 'அன்கவுண்டபிள் நவுன்'. இந்நூலில் அவற்றை எண்ணும் பெயர், அளக்கும் பெயர் என்று அழைப்போம்.

நமக்குத் தெரிந்த நான்கு அளவை

இந்தப் பிரிவு நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று வகுத்தார்கள். தேங்காயை எண்ணினார்கள். வெல்லத்தைத் தராசில் எடுத்தார்கள். நெல்லைப் படியால் முகந்தார்கள். துணியை முழம் போட்டார்கள். இவற்றுள் எண்ணலுக்கு உரியவை ஆங்கிலத்தில் எண்ணும் பெயர்கள். மற்ற மூன்றுக்கும் உரியவை பெரும்பாலும் அளக்கும் பெயர்கள். தேங்காய் 'கோகனட்', எனவே 'டூ கோகனட்ஸ்' சரி. அரிசி 'ரைஸ்', எனவே 'டூ ரைஸஸ்' இல்லை, 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்'.

இதுவரை சிக்கலில்லை. தராசிலும் படியிலும் அடங்காத தகவல், அறிவுரை, முன்னேற்றம் போன்றவற்றையும் ஆங்கிலம் அளக்கும் பக்கத்தில் வைக்கிறது. அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். டென்மார்க் மொழியியலறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இல் வெளிவந்த 'தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்' என்ற நூலில் இவற்றுக்கு 'மாஸ் வேர்ட்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். குறிப்பிட்ட உருவமும் எல்லையும் உள்ள ஒரு பொருளை மனக்கண்ணில் எழுப்பாத சொற்கள் இவை என்பது அவர் விளக்கம். தண்ணீர், வெண்ணெய் ஆகியவற்றுடன் இசை, ஓய்வு போன்றவையும் அதில் அடங்கும்.

தமிழர் செய்யும் இரண்டு பிழைகள்

வகுப்பில் திரும்பத் திரும்ப நான் காணும் பிழைகள் இரண்டே வகைதான். இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன.

முதல் பிழை, 'எஸ்' சேர்க்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது. "மூணு மாம்பழம் வாங்கினேன்" என்று தமிழில் சொல்கிறோம். 'கள்' போடவில்லை, குறையும் தெரியவில்லை. அஃறிணைப் பெயருக்குக் 'கள்' கட்டாயமில்லை என்பது தொல்காப்பியக் காலந்தொட்டு வரும் தமிழ் மரபு. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டிலும் பெயர் ஒன்றுதான், எண்ணிக்கையை வினை சொல்லிவிடும். நன்னூல் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. அந்தப் பழக்கத்தில் 'ஐ பாட் த்ரீ மேங்கோ' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'த்ரீ மேங்கோஸ்' என்றே வர வேண்டும்.

இரண்டாம் பிழை, 'எஸ்' சேர்க்கக் கூடாத இடத்தில் சேர்ப்பது. தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள், கருவிகள், நகைகள், ஆராய்ச்சிகள் எல்லாம் தமிழில் இயல்பான பன்மைகள். அவற்றை அப்படியே கொண்டுபோய் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதுகிறோம். இதன் உடன்பிறப்புதான் தவறான 'எ'. "எனக்கு ஒரு வேலை இருக்கு" என்பது 'ஐ ஹேவ் எ வொர்க்' ஆகிறது. "ஒரு நல்ல செய்தி" என்பது 'எ குட் நியூஸ்' ஆகிறது. சரியான வடிவங்கள் 'ஐ ஹேவ் ஸம் வொர்க்', 'ஸம் குட் நியூஸ்'.

இப்பிழைகளைச் செய்பவர் அறிவு குறைந்தவர் அல்லர். தம் தாய்மொழியின் விதியை ஒழுங்காகப் பின்பற்றுபவர், அவ்வளவுதான். அந்த விதி ஆங்கிலத்தில் செல்லாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எனவே வெட்கப்பட வேண்டாம், கவனம் வைத்தால் போதும்.

பொருளைப் பார்க்காதீர்கள், சொல்லைப் பாருங்கள்

"எண்ண முடிகிற பொருள் எண்ணும் பெயர், முடியாத பொருள் அளக்கும் பெயர்" என்று பல புத்தகங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. அதை மட்டும் நம்பினால் வழி தவறுவோம்.

பணத்தை எண்ணுகிறோம். ஆனாலும் 'மனி' அளக்கும் பெயர். எண்ணப்படுபவை 'ரூபீஸ்', 'காயின்ஸ்', 'நோட்ஸ்'. நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் எண்ணலாம். ஆனாலும் அவற்றின் பொதுப்பெயரான 'ஃபர்னிச்சர்' அளக்கும் பெயர். அரிசியும் பருப்பும் சிறு மணிகளே. ஆனால் 'ரைஸ்' அளக்கும் பெயர், பருப்பைக் குறிக்கும் 'லென்டில்ஸ்' எண்ணும் பெயர். தட்டில் பார்த்தால் நூடுல்ஸும் ஸ்பகெட்டியும் ஒரே மாதிரி நீண்டு கிடக்கும். 'நூடுல்ஸ்' எண்ணும் பெயர், 'ஸ்பகெட்டி' அளக்கும் பெயர்.

மொழிக்கு மொழியும் இது மாறுகிறது. தகவல், அறிவுரை, அறைகலன் ஆகிய மூன்றையும் பிரெஞ்சுக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். ஆங்கிலம் எண்ணுவதில்லை. ஆக, எண்ணப்படும் தன்மை பொருளில் இல்லை, அந்தப் பொருளை ஒரு மொழி பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

பட்டாணியின் வரலாறே இதற்குச் சான்று. பட்டாணிக்குப் பழைய ஆங்கிலப் பெயர் 'பீஸ்'. துண்டைக் குறிக்கும் 'பீஸ்' வேறு, இது வேறு. அது நம் 'அரிசி' போல ஓர் அளக்கும் பெயர். அதன் கடைசியில் இருந்த ஒலியைப் பன்மை 'எஸ்' என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அதை நீக்கினால் ஒருமை கிடைக்கும் என்று எண்ணி, 17ஆம் நூற்றாண்டில் 'பீ' என்ற புதிய சொல்லை உண்டாக்கிவிட்டார்கள். பட்டாணி அப்படியேதான் இருந்தது. அளக்கும் பெயர் எண்ணும் பெயராகிவிட்டது.

மூன்று சோதனைகள்

ஒரு சொல் எந்த வகை என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

1. முன்னால் 'எ' அல்லது 'ஆன்' வருமா? 'எ சேர்' வரும். 'எ ஃபர்னிச்சர்' வராது.
2. பின்னால் பன்மை 'எஸ்' வருமா? 'சஜெஷன்ஸ்' வரும். 'அட்வைசஸ்' வராது.
3. முன்னால் நேராக எண் வருமா? 'ஃபைவ் பேக்ஸ்' வரும். 'ஃபைவ் லக்கேஜ்' வராது.

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் எண்ணும் பெயர். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அளக்கும் பெயர். எண்ணும் பெயருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருமையில் அது தனியே நிற்காது. 'ஐ பாட் புக்' என்பது அரைகுறை வாக்கியம். 'எ புக்', 'தி புக்', 'மை புக்' என ஏதாவது துணை வேண்டும். அளக்கும் பெயர் துணையில்லாமலும் நிற்கும்: 'ஐ பாட் ரைஸ்'.

உடன் வரும் சொற்கள்

எண்ணும் பெயருக்கு 'மெனி', 'ஃபியூ', 'எ ஃபியூ', 'ஈச்', 'எவ்ரி', 'எ நம்பர் ஆஃப்'.
அளக்கும் பெயருக்கு 'மச்', 'லிட்டில்', 'எ லிட்டில்', 'ஆன் அமவுன்ட் ஆஃப்'.
இரண்டுக்கும் பொது 'ஸம்', 'எனி', 'நோ', 'இனஃப்', 'எ லாட் ஆஃப்', 'ப்ளென்டி ஆஃப்'.

பேசும்போது ஐயம் வந்தால் பொதுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எ லாட் ஆஃப்' எந்தப் பக்கமும் தவறாகாது.

'எ' என்ற ஓரெழுத்து இங்கே பொருளையே மாற்றும். 'ஐ ஹேவ் எ லிட்டில் மனி' என்றால் கொஞ்சம் பணம் இருக்கிறது, சமாளித்துவிடலாம். 'ஐ ஹேவ் லிட்டில் மனி' என்றால் பணம் அநேகமாக இல்லை. 'எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்பவருக்குச் சில நண்பர்கள் உண்டு. 'ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்பவருக்கு நண்பர் இருப்பதே அரிது. முன்னது இருப்பதைச் சொல்கிறது, பின்னது குறையைச் சொல்கிறது.

'ஃபியூவர்', 'லெஸ்' இரண்டும் 'குறைவு' என்ற பொருளில் வரும். எண்ணும் பெயருக்கு 'ஃபியூவர்', அளக்கும் பெயருக்கு 'லெஸ்' என்பது தேர்வு விதி. பழைய ஆங்கிலத்தில் எண்ணும் பெயருக்கும் 'லெஸ்' வழங்கியது உண்டு. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எண்ணும் பெயருக்கு 'ஃபியூவர்' பொருத்தம் என்று தம் விருப்பத்தை எழுதினார். பின்னர் அது விதியாக இறுகியது. இன்றும் பேச்சில் 'லெஸ் பீப்பிள்' என்று கேட்கலாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஃபியூவர் பீப்பிள்' என்றே எழுதுங்கள். தூரம், நேரம், பணம் ஆகியவற்றை ஒரு மொத்த அளவாகச் சொல்லும்போது 'லெஸ்' தான் சரி: 'லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்'.

வினையிலும் கவனம் வேண்டும். அளக்கும் பெயர் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் ஒருமை வினையே ஏற்கும். வீடு நிறைய அறைகலன் இருந்தாலும் 'தி ஃபர்னிச்சர் இஸ் நியூ'. ஒரு தொகையை மொத்தமாகச் சொன்னாலும் ஒருமைதான்: 'ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ் இஸ் இனஃப்'.

இணை இணையாகப் படியுங்கள்

அளக்கும் பெயர்களைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அருகில் அதே துறையைச் சேர்ந்த ஓர் எண்ணும் பெயரை வைத்துப் படியுங்கள். எண்ண வேண்டியபோது அந்த இணை கைகொடுக்கும்.

- அறிவுரை: 'அட்வைஸ்' அளக்கும் பெயர், 'சஜெஷன்' எண்ணும் பெயர்
- தகவல்: 'இன்ஃபர்மேஷன்', 'டீட்டெய்ல்'
- வேலை: 'வொர்க்', 'ஜாப்' அல்லது 'டாஸ்க்'
- வீட்டுப்பாடம்: 'ஹோம்வொர்க்', 'அசைன்மென்ட்'
- பயணச் சுமை: 'லக்கேஜ்', 'பேக்' அல்லது 'சூட்கேஸ்'
- பணம்: 'மனி', 'காயின்'
- கருவி: 'எக்விப்மென்ட்', 'டூல்'
- இயந்திரம்: 'மெஷினரி', 'மெஷின்'
- போக்குவரத்து: 'ட்ராஃபிக்', 'வெஹிக்கிள்'
- நகை: 'ஜுவல்லரி', 'ரிங்' அல்லது 'நெக்லஸ்'
- கவிதை: 'போயட்ரி', 'போயம்'
- இயற்கைக் காட்சி: 'சீனரி', 'வியூ'
- பயணம்: 'ட்ராவல்', 'ட்ரிப்' அல்லது 'ஜர்னி'

"நான்கு லக்கேஜ் இருக்கிறது" என்று சொல்ல நினைத்தால் 'ஐ ஹேவ் ஃபோர் பேக்ஸ்' என்று சொல்லுங்கள். "இரண்டு அட்வைஸ்" என்பதற்கு 'டூ சஜெஷன்ஸ்' என்று சொல்லுங்கள். இலக்கணமும் நிற்கும், பேச்சும் தடைபடாது.

இணை இல்லாத சிலவற்றையும் நினைவில் வையுங்கள்: 'நாலெட்ஜ்', 'ப்ராக்ரஸ்', 'ரிசர்ச்', 'எவிடன்ஸ்', 'ஃபீட்பேக்', 'சாஃப்ட்வேர்', 'ஸ்டேஷனரி', 'வெதர்', 'மியூசிக்'. தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் 'சாஃப்ட்வேர்ஸ்', 'ஃபீட்பேக்ஸ்' என்று எழுதுவது பரவலாகிவிட்டது. பலர் எழுதுவதால் அது சரியாகிவிடாது.

சீப்பு, கட்டு, சிட்டிகை

அளக்கும் பெயரை எண்ணியே ஆக வேண்டுமானால் நடுவே ஓர் அளவுச் சொல்லை நிறுத்த வேண்டும். இதில் தமிழர் கைதேர்ந்தவர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கட்டுக் கீரை, ஒரு முழம் பூ, ஒரு கைப்பிடி அரிசி, ஒரு சிட்டிகை உப்பு என்று பொருளுக்கேற்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. நடுவே 'ஆஃப்' வரும் என்பதுதான் வேறுபாடு.

- ஒரு சிட்டிகை உப்பு: 'எ பிஞ்ச் ஆஃப் சால்ட்'
- ஓர் அரிசி மணி: 'எ க்ரெய்ன் ஆஃப் ரைஸ்'
- ஒரு சோப்புக் கட்டி: 'எ பார் ஆஃப் சோப்'
- ஒரு பிரெட் துண்டு: 'எ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்'
- முழு பிரெட்: 'எ லோஃப் ஆஃப் பிரெட்'
- ஒரு தாள்: 'எ ஷீட் ஆஃப் பேப்பர்'
- ஒரு சொட்டுத் தண்ணீர்: 'எ ட்ராப் ஆஃப் வாட்டர்'
- ஒரு மின்னல்: 'எ ஃப்ளாஷ் ஆஃப் லைட்னிங்'
- ஓர் இடி: 'எ க்ளாப் ஆஃப் தண்டர்'

எல்லாவற்றுக்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. 'எ பீஸ் ஆஃப்' பல இடங்களில் பொருந்தும்: 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்', 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'எ பீஸ் ஆஃப் நியூஸ்'. பன்மையில் 'எஸ்' அளவுச் சொல்லில்தான் ஏறும்: 'த்ரீ பீசஸ் ஆஃப் அட்வைஸ்'. 'அட்வைஸ்' அசையாது.

இரு முகம் கொண்ட சொற்கள்

சில சொற்கள் இரண்டு பக்கமும் வரும். பக்கம் மாறும்போது பொருளும் மாறும்.

'பேப்பர்' என்றால் காகிதம், 'எ பேப்பர்' என்றால் செய்தித்தாள், 'பேப்பர்ஸ்' என்றால் ஆவணங்கள். 'ரூம்' என்றால் இடவசதி, 'எ ரூம்' என்றால் அறை. 'சிக்கன்' என்றால் கோழிக்கறி, 'எ சிக்கன்' என்றால் உயிருள்ள கோழி. 'டைம்' என்றால் நேரம், 'த்ரீ டைம்ஸ்' என்றால் மூன்று தடவை. 'வொர்க்' என்றால் வேலை, 'எ வொர்க்' என்றால் ஒரு கலைஞரின் படைப்பு. அதனால்தான் 'ஐ ஹேவ் எ வொர்க்' என்றால் ஆங்கிலேயருக்கு வேறு பொருள் தோன்றும்.

தலைமுடி முழுவதும் 'ஹேர்'. சோற்றில் கிடக்கும் ஒற்றை முடி 'எ ஹேர்'. எனவே முடி கொட்டுவதைச் சொல்ல 'மை ஹேர் இஸ் ஃபாலிங் அவுட்' என்க வேண்டும், 'ஹேர்ஸ்' வேண்டாம்.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லில் விழிப்பாக இருக்க வேண்டும். பணி அனுபவம் அளக்கும் பெயர்: 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எண்ணும் பெயர்: 'எ குட் எக்ஸ்பீரியன்ஸ்'. காப்பீட்டுக்குக் கடிதம் எழுதுபவர்கள் 'டேமேஜ்' என்ற சொல்லைப் பார்த்து எழுதுங்கள். 'டேமேஜ்' என்றால் சேதம். 'டேமேஜஸ்' என்றால் நீதிமன்றம் வாங்கித் தரும் நஷ்ட ஈடு.

ஓட்டலில் 'டூ காஃபீஸ், ப்ளீஸ்' என்று கேட்கலாம். அங்கே 'கப்' தொக்கி நிற்கிறது, நம் "ரெண்டு காபி" போல. பல நிறச் சாக் நிரம்பிய பெட்டியை 'எ பாக்ஸ் ஆஃப் கலர்டு சாக்ஸ்' என்று சொல்வதும் உண்டு.

தோற்றத்தில் ஏமாற்றும் சொற்கள்

'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்', 'ஃபிசிக்ஸ்', 'எகனாமிக்ஸ்', 'மீசில்ஸ்' ஆகியவற்றின் கடைசியில் 'எஸ்' இருந்தாலும் வினை ஒருமை: 'தி நியூஸ் இஸ் குட்'. 'சிஸர்ஸ்', 'ட்ரவுசர்ஸ்', 'ஸ்பெக்டக்கிள்ஸ்' ஆகியவற்றுக்குப் பன்மை வினை, எண்ண வேண்டுமானால் 'எ பேர் ஆஃப்'. 'பீப்பிள்', 'போலீஸ்', 'கேட்டில்' ஆகியவற்றில் 'எஸ்' இல்லாவிட்டாலும் வினை பன்மை: 'தி போலீஸ் ஆர் கமிங்'. ஊழியர் ஒருவரை 'எ ஸ்டாஃப்' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்' என்பதே சரி.

அகராதியைத் துணைக்கு வையுங்கள்

ஐயம் வந்தால் ஊகிக்காதீர்கள், அகராதியைத் திறங்கள். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்கு அருகே 'சி' அல்லது 'யு' என்ற எழுத்து இருக்கும். 'சி' எண்ணும் பெயர், 'யு' அளக்கும் பெயர். இரண்டும் இருந்தால் அது இரு முகச் சொல். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் துணையாசிரியர்களுடன் 1942இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதியே இவ்வகை நூல்களுக்கு முன்னோடி. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுவெளியீடு செய்தது. இன்று உலகமெங்கும் புழங்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததுதான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவரின் திண்டாட்டத்தை வகுப்பறையில் கண்ட ஆசிரியர்கள் செய்த வேலை அது. நமக்காகவே செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சி

கீழுள்ளவற்றைத் திருத்தி எழுதுங்கள். விடையைப் பார்க்குமுன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. 'ஹி கேவ் மீ எ குட் அட்வைஸ்.'
2. 'ஹவ் மெனி லக்கேஜஸ் டூ யூ ஹேவ்?'
3. 'ஐ பாட் டூ பிரெட்ஸ் அண்ட் ஃபைவ் எக்.'
4. 'தி இன்ஃபர்மேஷன்ஸ் ஆர் ராங்.'
5. 'தேர் இஸ் மச் வெஹிக்கிள்ஸ் ஆன் தி ரோடு.'
6. 'மேத்தமேட்டிக்ஸ் ஆர் ஈசி.'

விடைகள்

1. 'ஹி கேவ் மீ ஸம் குட் அட்வைஸ்.' 'எ குட் பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதும் சரி.
2. 'ஹவ் மச் லக்கேஜ் டூ யூ ஹேவ்?' அல்லது 'ஹவ் மெனி பேக்ஸ் டூ யூ ஹேவ்?'
3. 'ஐ பாட் டூ லோவ்ஸ் ஆஃப் பிரெட் அண்ட் ஃபைவ் எக்ஸ்.'
4. 'தி இன்ஃபர்மேஷன் இஸ் ராங்.'
5. 'தேர் ஆர் மெனி வெஹிக்கிள்ஸ் ஆன் தி ரோடு.' அல்லது 'தேர் இஸ் எ லாட் ஆஃப் ட்ராஃபிக் ஆன் தி ரோடு.'
6. 'மேத்தமேட்டிக்ஸ் இஸ் ஈசி.'

மூன்றாவது வாக்கியத்தை மறுபடியும் பாருங்கள். நம் இரண்டு பிழைகளும் அதில் அருகருகே இருக்கின்றன. பிரெட்டுக்குத் தேவையில்லாத 'எஸ்' சேர்ந்தது, முட்டைக்குத் தேவையான 'எஸ்' விடுபட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிலிருந்து எந்தப் புதிய ஆங்கிலப் பெயர்ச்சொல்லையும் தனியாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். எண்ணும் பெயரானால் 'எ சஜெஷன்' என்று எழுதுங்கள். அளக்கும் பெயரானால் 'ஸம் அட்வைஸ்' என்று எழுதுங்கள். முன்னால் நிற்கும் அந்தச் சிறு சொல்லையும் சேர்த்தே படித்தால் விதியைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை, அது சொல்லோடு சேர்ந்தே உங்கள் நாவுக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று சொற்கள் போதும். இந்த அத்தியாயத்தின் சொற்கள் அனைத்தும் ஒரே மாதத்தில் உங்கள் வசமாகும்.